கன்னியர் மடத்தில் நம் பிள்ளை: வாசலில் விட்டதோடு கடமை முடிந்துவிடுமா?

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் தேயிலை, றப்பர் தோட்டங்களை அண்டி வாழும் முஸ்லிம் குடும்பங்களிடையே அவ்வப்போது தாழ்ந்த குரலில் பேசப்படும் விடயம் ஒன்று உண்டு. "இன்னாருடைய பேத்தியை சிஸ்டர்மாருடைய ஹோமில் விட்டிருக்கிறார்களாம்" என்பதே அது. கேட்டவர்கள் முகம் சுளிப்பார்கள். "மதம் மாற்றிவிடுவார்கள்" என்பார் ஒருவர். "அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்பார் இன்னொருவர். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அந்தப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது, கடைசியாக யார் போய்ப் பார்த்தார்கள், போய்வர பஸ் காசு இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை.

இருபது வருடங்களாக இப்பகுதிப் பாடசாலைகளில் கற்பித்து வருபவன் என்ற வகையில், இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டதாக நினைக்கிறேன். கத்தோலிக்கத் துறவற சபையொன்றின் பராமரிப்பில் முஸ்லிம் பிள்ளையொன்றை விடுவது சரியா, பிழையா என்று மார்க்கத் தீர்ப்பு வழங்குவது எனது வேலையல்ல. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. இப்படிப் போகும் பிள்ளைகளை நாம் இழந்தால், அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை இரண்டு விடயங்கள்: முறையான எழுத்து எதுவுமில்லாமல் கைமாற்றி விடுவது, விட்ட பிறகு உறவினர்கள் திரும்பிப் பார்க்காமல் இருப்பது. இவ்விரண்டும் கன்னியாஸ்திரிகளின் கையில் இல்லை. நமது கையில் இருக்கின்றன.

ஏன் அந்த வாசலுக்குப் போகிறார்கள்?

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கேகாலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 7 சதவீதம். இரத்தினபுரியில் 2 சதவீதத்தை ஒட்டிய தொகையினரே. மாவனல்லை, ஹெம்மாதகம போன்ற இடங்களில் நாம் திரளாக இருக்கிறோம். ஆனால் தெரணியகல, யட்டியாந்தோட்டை, இறக்குவானை, கஹவத்தைப் பக்கங்களில் தோட்டங்களை அண்டிய சிறு சிறு குடியிருப்புகளில் பத்து வீடு, இருபது வீடு என்று சிதறிக் கிடக்கும் குடும்பங்களின் நிலை வேறு. பள்ளிவாசல் தூரம், தமிழ்மொழிமூலப் பாடசாலையும் தூரம், உறவினர்கள் அதைவிடத் தூரம்.

இத்தகைய குடும்பங்களில் பிள்ளை வீட்டைவிட்டு வெளியே போகும் கதை பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வாப்பா மௌத்தாகியிருப்பார், அல்லது இன்னொரு நிக்காஹ் செய்துகொண்டு போயிருப்பார். உம்மா குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போயிருப்பார். பிள்ளை உம்மம்மாவிடம் இருக்கும். உம்மம்மாவுக்குச் சீனி வருத்தம், கண் தெரியாது. மாமாமாரும் அவர்களது மனைவி மக்களும் அதே சிறிய வீட்டில். பெண் பிள்ளைக்குப் பத்து, பதினொரு வயதாகும்போது உம்மம்மாவுக்குப் பயம் வந்துவிடும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அப்போது அயலில் உள்ள தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று சொல்லும்: "சிஸ்டர்மார் பாதுகாப்பாகப் பார்த்துக்கொள்வார்கள், படிக்கவும் வைப்பார்கள்." அந்த உம்மம்மாவிடம் வேறு எவரும் வேறு எந்த யோசனையும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இலங்கையில் சிறுவர் இல்லங்களில் இருப்போரில் பெரும்பாலானவர்கள் தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் அல்லர் என்பதைச் சிறுவர் துறையில் வேலை செய்பவர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். வறுமை, குடும்பப் பிரிவு, தாயின் வெளிநாட்டுப் பயணம் ஆகியவையே அவர்களை அங்கு கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி இதை இன்னும் கூர்மையாக்கியது. இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒரு முடிச்சு இருக்கிறது. மார்க்க வழக்கில் 'யதீம்' என்பது பருவமடையும் முன் தந்தையை இழந்த பிள்ளை. ஆகவே நமது யதீம் நிதிகளின் கண்ணுக்கு, தந்தை உயிரோடு இருந்தும் செலவுக்குத் தராத பிள்ளை எளிதில் தெரிவதில்லை. தாய் வெளிநாட்டிலும் தந்தை வேறு வீட்டிலும் இருக்கும் பிள்ளை பட்டியலில் சேராது. மாகொல முஸ்லிம் அனாதை நிலையம் போன்ற நமது நிறுவனங்கள் பல தசாப்தங்களாகச் செய்துவரும் பணி பெரிது. ஆனால் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டத்திலுள்ள ஒரு பதினொரு வயதுப் பெண் பிள்ளைக்கு அது விடையாக அமைவதில்லை.

இரத்தினபுரி மறைமாவட்டம் 1995இல் உருவாக்கப்பட்டது. கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரு மாவட்டங்களும் அதன் எல்லைக்குள் வருகின்றன. இன்றைய கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகைதான் அதன் முதலாவது ஆயர். கத்தோலிக்கர்கள் இங்கு நம்மைப் போலவே சிறு தொகையினர். ஆனாலும் துறவற சபைகளில் திருமணம் செய்யாது, முழுநேரமும் இதற்கென்றே வாழும் ஆட்கள் இருக்கிறார்கள், கட்டடம் இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது. ஓர் இரவில் பிள்ளையோடு போய்க் கதவைத் தட்டினால் திறக்க ஒருவர் இருக்கிறார். நம்மிடம் அப்படித் தட்டுவதற்கு எந்தக் கதவு இருக்கிறது என்று நேர்மையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பயத்துக்கு எவ்வளவு ஆதாரம்?

மதமாற்றப் பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. வரலாற்றில் அதற்கு இடமுண்டு. 1858ஆம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில், அப்போது பாப்பரசரின் ஆட்சியில் இருந்த பகுதியில், எட்கார்டோ மோர்த்தாரா என்ற ஆறு வயது யூதச் சிறுவனைப் பொலிஸார் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துச் சென்றார்கள். கைக்குழந்தையாக நோயுற்றிருந்தபோது, சாகப்போகிறான் என்று நினைத்து வீட்டுப் பணிப்பெண் இரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்திருந்தாள் என்பதே காரணம். பிள்ளை திரும்பவே இல்லை. குருவானவராகி 1940இல் இறந்தார்.

அதைவிட நமது விடயத்துக்கு நெருக்கமானது பிரான்ஸில் நடந்த பினாலி சகோதரர்களின் வழக்கு. வியன்னாவிலிருந்து அகதிகளாக வந்த யூத மருத்துவர் ஒருவரும் மனைவியும் கிரனோபிள் நகருக்கு அருகில் வாழ்ந்தார்கள். 1944 பெப்ரவரியில் நாஸிகள் அவர்களைப் பிடித்து அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். இருவரும் திரும்பவில்லை. அவர்களது இரண்டு சிறு மகன்மாரும் உயிர் தப்பக் காரணம் கத்தோலிக்கக் கன்னியர் மடமும், அது ஒப்படைத்த அந்துவனெத் புருன் என்ற கத்தோலிக்கப் பெண்மணியும்தான். இதை மறைக்கக்கூடாது. ஆனால் யுத்தம் முடிந்ததும் 1945இலேயே நியூசிலாந்திலிருந்த தந்தையின் சகோதரி கடிதம் எழுதிப் பிள்ளைகளைக் கேட்டார். புருன் கொடுக்கவில்லை. 1948இல் இருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. இஸ்ரேலிலிருந்த இன்னொரு சகோதரி வழக்குப் பேசி 1952இல் நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்றார். அதன் பிறகும் பிள்ளைகளை மடங்களிலும் பாடசாலைகளிலும் மாற்றி மாற்றி ஒளித்து, 1953இன் ஆரம்பத்தில் ஸ்பெயினுக்கே கடத்தினார்கள். கன்னியாஸ்திரிகளும் குருமாரும் கைதானார்கள். அந்த வருட நடுப்பகுதியில்தான் பிள்ளைகள் உறவினர் கைக்கு வந்தார்கள்.

இந்த வழக்கில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. பிள்ளையைக் காப்பாற்றியவர்களே பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடும் என்பது ஒன்று. எட்டு வருடங்கள், பல கடல்களுக்கு அப்பாலிருந்து, இரண்டு மாமிமார் விடாமல் எழுதியும் வழக்குப் பேசியும் வந்ததால்தான் அந்தப் பிள்ளைகள் தங்கள் குடும்பத்தை வந்தடைந்தார்கள் என்பது மற்றது. நாம் முதலாவது பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

இன்றைய கத்தோலிக்கத் திருச்சபை 1858இல் இருந்த இடத்தில் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட சமய சுதந்திரம் பற்றிய பிரகடனம், மத விடயத்தில் வற்புறுத்தலைக் கண்டிக்கிறது. ஏழைகளிடமும் கல்வியறிவு குறைந்தவர்களிடமும் முறையற்ற விதத்தில் மதத்தைத் திணிப்பதை விசேடமாகத் தவிர்க்கச் சொல்கிறது. அவர்களது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டக் கோவையின்படி, ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்குப் பெற்றோரில் ஒருவரோ, அவர்கள் இடத்தில் சட்டப்படி இருப்பவரோ சம்மதிக்க வேண்டும். ஆனால் மரண ஆபத்து இருக்கும்போது இந்த நிபந்தனை தளர்கிறது. அத்துடன், ஏழு வயது கடந்து விளங்கும் பருவத்தை அடைந்த பிள்ளை, ஞானஸ்நான விடயத்தில் வளர்ந்தவர்களைப் போலவே கணிக்கப்படுகிறது. 'பெற்றோர் இடத்தில் சட்டப்படி இருப்பவர்' யார் என்ற கேள்வி இங்கே முக்கியமானது. உம்மம்மா வாய்மொழியாக விட்டுவிட்டு வந்தால், அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்பது தெளிவில்லாமல் போகும். பதினொரு வயதுப் பிள்ளை தன் வாயாலேயே கேட்டதாகச் சொல்லப்பட்டால் நிலைமை இன்னும் சிக்கலாகும். எழுத்து வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நமது நாட்டில் நடந்தவை

இலங்கையில் இந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மென்சிங்கன் திருச்சிலுவைச் சகோதரிகள் என அறியப்படும் கற்பிக்கும் கன்னியர் சபை 1900ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் பணியாற்றி வருகிறது. அதைக் கூட்டிணைக்கும் தனிநபர் சட்டமூலம் 2003இல் உயர் நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்படுத்தப்பட்டது. கல்வி, மருத்துவம், அநாதைப் பராமரிப்பு போன்ற உதவிகளையும் மதம் பரப்புவதையும் ஒரே அமைப்பு சேர்த்துச் செய்தால், ஆதரவற்ற மக்களின் சிந்தனைச் சுதந்திரம் பாதிக்கப்படும் என்ற போக்கில் நீதிமன்றம் தீர்மானித்தது. மதத்தைப் பரப்பும் உரிமை அரசியலமைப்பில் உத்தரவாதம் செய்யப்படவில்லை என்றும் கூறியது. அச்சபையினர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவிடம் போனார்கள். 2005 ஒக்டோபரில் அக்குழு, அவர்களது மத சுதந்திரமும் சமத்துவ உரிமையும் மீறப்பட்டிருப்பதாக முடிவு செய்தது.

அந்தத் தீர்மானம் வந்தபோது நம்மில் சிலர் உள்ளுக்குள் மகிழ்ந்திருக்கக்கூடும். ஆனால் ஏழைக்கு உதவுவதும் மார்க்கம் சொல்வதும் ஒரே கூரையின் கீழ் நடக்கக்கூடாது என்ற அளவுகோலை எடுத்தால், அது நமது ஸகாத் நிதியையும், மத்ரஸாவோடு இணைந்த விடுதியையும், தஃவாப் பணியையும் அளக்கும். அடுத்த வருடமே, 2004இல், ஜாதிக ஹெல உறுமய கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தபோது அந்தக் கவலை நமக்கும் வந்தது. மற்றவரின் வாசலை மூட எழுதப்படும் சட்டம் நமது வாசலுக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிடக்கூடாது.

இன்னொரு சம்பவமும் நினைவில் இருக்க வேண்டியது. 2011 நவம்பரில் மொரட்டுவை, ராவத்தாவத்தையில் அன்னை தெரேசாவின் பிறரன்புப் பணியாளர் சபை நடத்தும் பிரேம் நிவாச இல்லம் அதிகாரிகளால் சோதனையிடப்பட்டது. அநாமதேய முறைப்பாடு ஒன்றின் பேரில், குழந்தைகள் விற்கப்படுவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பொறுப்பாயிருந்த அருட்சகோதரி நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தது. கத்தோலிக்கத் தலைமை அதைக் கடுமையாக மறுத்தது. விற்பனைக் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. 2018இல் இந்தியாவின் ராஞ்சி நகரில் அதே சபையின் இல்லமொன்றின் ஊழியரும் கன்னியாஸ்திரி ஒருவரும் இதே வகைக் குற்றச்சாட்டில் கைதானபோது, மத்திய அரசு நாடு முழுவதும் அச்சபையின் இல்லங்களைப் பரிசோதிக்க உத்தரவிட்டது. சிறுவர் இல்லங்கள் மேற்பார்வைக்கு உட்பட வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு முறைப்பாட்டை வைத்து ஒரு சமூகம் முழுவதையும் கூண்டில் நிறுத்துவது என்னவென்பதை, 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வாழ்ந்து பார்த்தவர்கள் நாம். அன்று தேவாலயங்களில் கொல்லப்பட்ட கத்தோலிக்கர்களின் வேதனையும் நமக்குத் தெரியும். அப்படியிருக்க, ஆதாரமில்லாமல் "சிஸ்டர்மார் பிள்ளை பிடிக்கிறார்கள்" என்று வட்ஸ்அப்பில் எழுதுவது மார்க்கத்துக்கும் பொருந்தாது, மனச்சாட்சிக்கும் பொருந்தாது.

இதையே மறுபக்கமாகவும் பார்க்கலாம். 2017 ஓகஸ்டில் லண்டனின் டவர் ஹம்லெட்ஸ் பகுதியில், ஐந்து வயதுக் கிறிஸ்தவச் சிறுமி முஸ்லிம் குடும்பங்களிடம் பராமரிப்புக்கு விடப்பட்டதாக 'த டைம்ஸ்' பத்திரிகை பெரிய செய்தி போட்டது. பிள்ளைக்கு அநியாயம் நடந்துவிட்டது போல நாடே பேசியது. நீதிமன்றத்தில் வெளிவந்த விபரம் வேறு. பிள்ளையின் பாட்டி முஸ்லிம் பின்னணியைக் கொண்டவர். அவரிடமே பிள்ளை ஒப்படைக்கப்பட்டது. செய்தி திரிக்கப்பட்டிருந்ததாகப் பத்திரிகை ஒழுங்கு அமைப்பு மறு வருடம் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியை வாசித்து நாம் கோபப்பட்டோம். ஒரு முஸ்லிம் தாய் அன்போடு சோறு போட்டதை மதமாற்றமாக எப்படிப் பார்க்கலாம் என்று கேட்டோம். கன்னியாஸ்திரி ஒருவர் அன்போடு சோறு போடுவதைப் பார்க்கும்போதும் அதே நீதி நமக்கு இருக்க வேண்டும்.

மதத்துக்கு முன் போவது மொழி

ஆசிரியராக நான் கவலைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. எவரும் ஞானஸ்நானம் கொடுக்காமலேயே, எவரும் வற்புறுத்தாமலேயே பிள்ளை நம்மிடமிருந்து போய்விடக்கூடிய வழி அது.

இல்லத்தில் சேரும் பிள்ளை அதற்கு அண்மையிலுள்ள பாடசாலைக்குப் போகும். சப்ரகமுவவில் அது பெரும்பாலும் சிங்களமொழிமூலப் பாடசாலையாக இருக்கும். நமது பாடத்திட்டத்தில் சாதாரண தரம் வரை சமயம் கட்டாய பாடம். அந்தப் பாடசாலையில் இஸ்லாம் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. ஒரே ஒரு பிள்ளைக்காக ஆசிரியர் நியமனம் வரப் போவதும் இல்லை. பிள்ளை வகுப்பில் சும்மா இருக்கலாம், அல்லது இருக்கின்ற கத்தோலிக்க பாடத்தையோ பௌத்த பாடத்தையோ படிக்கலாம். பரீட்சை என்று வரும்போது எது நடக்கும் என்று நமக்குத் தெரியும். இதில் யாருடைய சதியும் இல்லை. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் மொழி போய்விடும். மூன்று வருடம் சிங்களத்தில் மட்டும் பேசிப் பழகிய பிள்ளை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், உம்மம்மா சொல்வது பாதி விளங்காது. அது சொல்வது உம்மம்மாவுக்கு விளங்காது. இரண்டு நாளில் "ஹோமுக்குப் போகப் போகிறேன்" என்று அழும். இதைப் பார்த்துவிட்டுத்தான் "பிள்ளையின் மனதை மாற்றிவிட்டார்கள்" என்று சொல்கிறோம். உண்மையில் பிள்ளைக்குப் பேச ஆளில்லை. சிங்களம் படிப்பது நல்லது. நமது பிள்ளைகளுக்கு அது தேவை. ஆனால் உம்மம்மாவோடு பேசும் மொழியை இழந்துவிட்டு அல்ல.

1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை இதைத்தான் சொல்கிறது. குடும்பச் சூழலை இழந்த பிள்ளைக்கு மாற்றுப் பராமரிப்புத் தேடும்போது, அதன் வளர்ப்பில் தொடர்ச்சி இருக்க வேண்டும். அதன் இனம், மதம், கலாசாரம், மொழி ஆகியவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அதே உறுப்புரை, ஏற்கத்தக்க பராமரிப்பு முறைகளில் ஒன்றாக இஸ்லாமியச் சட்டத்தின் 'கஃபாலா'வைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இலங்கை 1991இல் இந்தச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. நமது அரசியலமைப்பின் 27(13) உறுப்புரையும் பிள்ளைகளின் உடல், உள, ஒழுக்க, சமய, சமூக வளர்ச்சியை விசேட கவனத்தோடு மேம்படுத்துவதை அரசின் கொள்கையாக வைத்திருக்கிறது. ஆகவே பிள்ளையின் மதத்தையும் மொழியையும் பேணும்படி கேட்பது யாரிடமும் சலுகை கேட்பதாகாது. கேட்பதற்கு ஆள் வேண்டும்.

குடும்பம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, பிள்ளையை அனுப்பும் முன் வேறு வழிகளைத் தேடிப் பாருங்கள். தந்தை உயிரோடு இருந்தால் பிள்ளைத் தாபரிப்புக்காகக் காதி நீதிமன்றத்தை நாடலாம். பிள்ளையின் கட்டுக்காவல் பற்றிய பிணக்கு என்றால் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. அஸ்வெசும உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். வறுமை ஒன்றே பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதற்குக் காரணமாகக்கூடாது என்பது 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகளின் அடிப்படை.

இரண்டாவதாக, அனுப்பத்தான் வேண்டும் என்றால் முறைப்படி அனுப்புங்கள். சிறுவர் இல்லங்கள் மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த இல்லம் பதிவானதா என்று கேளுங்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் ஊடாகவே சேருங்கள். 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் விடயம் நீதிமன்றத்துக்குப் போகுமானால், பிள்ளை முஸ்லிம் என்பதையும் யார் யார் பார்க்க வருவார்கள் என்பதையும் பதிவு செய்யுமாறு கேளுங்கள். பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எதில் கையொப்பம் இடுகிறீர்கள் என்பதை வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். தற்காலிகப் பராமரிப்பு வேறு, 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழான மகவேற்பு வேறு. மகவேற்புக் கட்டளை பெற்றோரின் உரிமைகளைப் புதியவர்களுக்கு மாற்றிவிடும்.

மூன்றாவதாக, பொறுப்பான அருட்சகோதரியோடு நேரில் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் பிள்ளை பன்றி இறைச்சி சாப்பிடாது, ரமழானில் நோன்பு பிடிக்கும், தொழ ஒரு மூலை வேண்டும், ஜெபக் கூட்டத்தில் கட்டாயப்படுத்தாதீர்கள், எங்களைக் கேட்காமல் எந்தச் சமயச் சடங்கும் செய்யாதீர்கள் என்பவற்றை மரியாதையோடு சொல்லி, எழுத்திலும் கொடுங்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடு இருந்தால் அதை வரவேற்பார்கள். தயங்கினால், அதை முதல் நாளிலேயே அறிந்துகொள்வது நல்லது.

நான்காவதாக, போய்ப் பாருங்கள். மாதம் ஒரு முறையாவது பாருங்கள். போன் பேசுங்கள், தமிழில் பேசுங்கள். இரு பெருநாளைக்கும் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். அழைத்து வர முடியாத குடும்பம் என்றால் பள்ளிவாசல் வாகனம் போகட்டும். இல்லத்தில் துன்புறுத்தல் ஏதும் நடப்பதாகப் பிள்ளை சொன்னால், அது எந்த மதத்தவரின் இல்லமாக இருந்தாலும், நமது இல்லமாக இருந்தாலும், மூடி மறைக்காமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

ஜமாஅத் செய்ய வேண்டியவை

இவை எல்லாம் அந்தக் குடும்பம் தனியே செய்யக்கூடியவை அல்ல. எழுத வாசிக்கத் தெரியாத, நாளாந்தச் சம்பளத்தில் வாழும் ஓர் உம்மம்மாவிடம் இத்தனையையும் எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் இதைப் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் குடும்பத்துக்கு வெளியே வளரும் பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று எத்தனை நிர்வாகங்களிடம் பட்டியல் இருக்கிறது? ஒலிபெருக்கி எப்போது வாங்கினோம், மினாராவுக்கு எவ்வளவு செலவானது என்பவை கணக்கில் இருக்கின்றன. பிள்ளைகளின் கணக்கும் இருக்க வேண்டும். பட்டியல் இருந்தால், எந்தப் பிள்ளைக்குப் பத்தாயிரம் ரூபாய் மாத உதவி கிடைத்தால் உம்மம்மாவிடமே இருக்கும், எந்தப் பிள்ளைக்கு மாவனல்லையிலோ கேகாலையிலோ ஒரு கஃபாலாக் குடும்பம் தேவை, எந்தப் பிள்ளைக்கு வார இறுதியில் குர்ஆனும் தமிழும் சொல்லிக் கொடுக்க ஓர் ஆசிரியை போனால் போதும் என்பது தெரியவரும். யதீம் என்ற சொல்லின் எல்லைக்குள் வராத பிள்ளைக்கும், தேவையுடைய ஏழை என்ற வகையில் ஸகாத்திலும் ஸதகாவிலும் எவ்வாறு உதவலாம் என்பதை உலமாக்கள் ஜும்ஆ மேடையில் விளக்க வேண்டும்.

கஃபாலா என்பது பிள்ளையின் தந்தை பெயரை அழிக்காமல், வம்சத்தை மாற்றாமல் பொறுப்பேற்று வளர்ப்பது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழைக்கும்படி அல்குர்ஆன் அஹ்ஸாப் அத்தியாயத்தில் கட்டளையிடுகிறது. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பை ஸகரிய்யா (அலை) ஏற்றதைச் சொல்லும்போதும் இந்தச் சொல்லின் மூலமே அங்கு வருகிறது. அந்தப் பிள்ளையை யார் பொறுப்பேற்பது என்பதில் அவர்களுக்குள் போட்டி இருந்தது. எழுதுகோல்களைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். இன்று நமது ஊர்களில் ஒரு பிள்ளையை யார் பொறுப்பேற்பது என்று வந்தால் அப்படிப் போட்டி இருக்கிறதா?

மூஸா (அலை) அவர்கள் பிர்அவ்னின் வீட்டிலேயே வளர்ந்தார்கள். ஈமானை இழக்க அதைவிட ஆபத்தான வீடு வேறு இருக்க முடியாது. தாய் பிள்ளையை ஆற்றில் விட்டதோடு நிற்கவில்லை. சகோதரியைப் பின்னால் அனுப்பினார். அந்தப் பெண் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டே போய், பிர்அவ்னின் வீட்டாரிடம் துணிந்து பேசி, பிள்ளையைப் பொறுப்போடு பராமரிக்கும் வீடொன்றைக் காட்டித் தரட்டுமா என்று கேட்டாள். அங்கும் கஃபாலாவின் மூலச் சொல்தான் வருகிறது. பிள்ளை தாயின் மடிக்குத் திரும்பியது.

கன்னியர் மடத்தைப் பிர்அவ்னின் வீட்டோடு ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். பின்னால் போன அந்தச் சகோதரியின் வேலையை நமது மஹல்லாக்களில் யார் செய்யப் போகிறார்கள் என்று கேட்பதற்காகவே சொல்கிறேன். அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், வெளியே வளரும் பிள்ளைகளின் பட்டியலைத் தயாரிப்பது என்ற ஒரு வரியைச் சேருங்கள். அதற்கு அடுத்த வரியில், இந்த மாதம் யார் எந்தப் பிள்ளையைப் பார்க்கப் போகிறார் என்று பெயர்களை எழுதுங்கள்.